நெஞ்சு எரியவில்லை, தொண்டைதான் வெந்தது

குரல் ஒரே நாளில் போயிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடியிருப்பேன். என்னுடையது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அதனால் எனக்கும் தெரியவில்லை, வீட்டாருக்கும் தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டே நாளைத் தள்ளுகிற யாராவது இதைப் படித்தால், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் மலேசியாவில், ஈப்போ தொலைபேசி நிலையத்தில் ஆப்பரேட்டராக இருந்தேன். செமோருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவரின் மகள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு எல்லோரும் டவுனுக்கு வந்தோம். மலாய், இங்கிலீஷ், தமிழ் மூன்றும் தடுமாறாமல் பேசுவேன் என்பதால் இந்த வேலை கிடைத்தது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, விளக்குகள் எரிந்து எரிந்து அணையும் போர்டின் முன்னால் உட்கார வேண்டும். வெளியூருக்கு ட்ரங்க் கால் கேட்பவர்களுக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். தெலுக் ஆன்சன் பெயர் மாறித் தெலுக் இந்தான் ஆகி அதிக நாள் ஆகவில்லை. பாதிப் பேர் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். என் முகம் யாருக்கும் தெரியாது. குரல் மட்டும் தெரியும்.

முதலில் வந்தது செருமல். ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் ஒரு செருமல். பிறகு தொண்டையில் சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டதைப் போல ஓர் அடைப்பு. விழுங்கினாலும் இறங்காது, காறினாலும் வராது. படுத்தால் இருமல். காலையில் எழுந்தால் நாக்கின் அடியில் ஒரு கசப்பு. கணவரைக் கூப்பிட வாயைத் திறந்தால் துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு சத்தம் வரும். பத்து மணிக்கு மேல் குரல் கொஞ்சம் இளகும். அதனால் ‘பனி ஒத்துக்கொள்ளவில்லை’ என்று விட்டுவிட்டேன்.

சிலிபினில் எங்கள் வீட்டருகே இருந்த கிளினிக்கில் இருமல் மருந்தும் மாத்திரையும் கொடுத்தார்கள். தீர்ந்ததும் மறுபடி கொடுத்தார்கள். எங்களோடு இருந்த என் கணவரின் அக்கா லெட்சுமி, ஐஸ் தண்ணீர்தான் காரணம் என்று ஐஸ் பெட்டிக்கே காவல் இருந்தார். வேலையிடத்துத் தோழிகள் புதினா மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்கள். வாயில் போட்டால் தொண்டை ஜில்லென்று திறந்தது போல இருக்கும். பை நிறைய வைத்துக்கொண்டு நாள் முழுவதும் சப்பினேன். தூக்கம் வராமலிருக்கப் பால் இல்லாத கோப்பி குடித்தேன். குரலுக்கு நல்லது செய்வதாக நினைத்து நான் செய்த ஒவ்வொன்றும் அதற்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் எங்கள் மேற்பார்வையாளர் புவான் ரோஹானி என்னைத் தனியாக அழைத்தார். கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். நான் சொல்லும் எண்கள் புரியவில்லை என்று அழைப்பவர்கள் புகார் சொல்கிறார்களாம். ஒருவர், ‘அந்த ஆண் ஆப்பரேட்டர் வேண்டாம்’ என்றே சொன்னாராம். குரல் தேறாவிட்டால் போர்டிலிருந்து எடுத்துக் கோப்பு அறைக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்றார். அவருக்கும் சொல்லப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

வேலை போவதைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு இருந்தது. என் பெரியப்பா தோட்டத்தில் சுருட்டுப் பிடிப்பவர். அவருக்கும் இப்படித்தான் குரல் கம்மியது. கடைசியில் கழுத்தில் துளை போட்டார்கள். பேச வேண்டுமானால் அந்தத் துளையை விரலால் மூடிக்கொள்வார். கண்ணாடியின் முன்னால் நின்று, என் கழுத்தில் அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

அதை என் கணவர் மணியம் ஒரு நாள் பார்த்துவிட்டார். ஈப்போவுக்கும் செமோருக்கும் இடையே பஸ் ஓட்டுபவர். அதிகம் பேச மாட்டார். எதையும் கேட்காமல், அடுத்த நாள் லீவு போட்டு என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

காது மூக்குத் தொண்டைப் பிரிவின் வெளியே நீளமான பெஞ்சுகள். எல்லாப் பெஞ்சிலும் ஆட்கள். காதில் பஞ்சு வைத்த பிள்ளைகள், மூக்கில் கட்டுப் போட்டவர்கள். என் பக்கத்தில் ஒரு சீனத் தாத்தா. அவர் கழுத்தில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. அந்தப் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன். மணியம் எழுந்து வந்து, எனக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் லிம் நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டியிருந்தார். என் நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்து, நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடியை ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சூடாக்கித் தொண்டைக்குள் விட்டார். சூடாக்காவிட்டால் மூச்சுப் பட்டு மங்கிவிடுமாம். ‘ஈ’ என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார். அப்புறம் இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். என் கை மணியத்தின் சட்டையைத் தேடியது.

குரல் நாண்கள் இரண்டு உண்டு, பேசும்போது அவை ஒட்டி ஒட்டிப் பிரியும் என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். எனக்கு அந்த நாண்களின் பின்பக்கம் சிவந்து வீங்கியிருந்தது. ஒரு பக்கத்தில் சின்னப் புண், அதன்மேல் மேடு மாதிரி சதை. பிறகு அவர் கேட்ட கேள்விகள்தாம் எனக்கு ஆச்சரியம். தொண்டையைப் பற்றியே கேட்கவில்லை. எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய், சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்துப் படுக்கிறாய், கோப்பி குடிப்பாயா, வீட்டில் யார் சிகரெட் பிடிப்பது, பிள்ளை பெற்ற பிறகு எடை கூடியதா என்று கேட்டார். கடைசியாக, குரல் எப்போது மோசம் என்று கேட்டார்.

காலையில் என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். மலாயில் மெதுவாகச் சொன்னார். “கத்திப் பேசிக் குரலைக் கெடுத்துக்கிட்டவங்களுக்குச் சாயங்காலம்தான் மோசமா இருக்கும். உனக்குக் காலையில மோசம்னா, நீ தூங்குறப்ப அங்க ஏதோ நடக்குது.”

அது என்ன என்று தனக்கு ஒரு சந்தேகம் இருப்பதாகவும், ஆனால் அந்தச் சதையில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதிக்காமல் எதையும் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். கேன்சரா என்று கேட்டார் மணியம். அந்தச் சொல்லை எங்களில் யாராவது வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. “அப்படி இருக்காதுன்னு நெனைக்கிறேன். ஆனா நெனைக்கிறது போதாது” என்றார் டாக்டர்.

வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டில் ஜைனம்பு அக்காவுக்கு. தெலுக் இந்தானில் அவருடைய கணவர் காதர் பாய் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அக்காவுக்குக் கழுத்தில் தைராய்டுக் கட்டி, ஆபரேஷனுக்காகக் காத்திருந்தார். நான் கரகரவென்று இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அவர் இருபது பேசிவிடுவார். நான் சொல்ல நினைப்பதையெல்லாம் நர்ஸ் மிஸ்ஸிகளிடம் அவரே சொல்வார். ஜன்னலைத் திறக்க வேண்டும், தண்ணீர் வேண்டும், இந்தப் பிள்ளைக்குப் பயமாக இருக்கிறது. கடைசியில் சொன்னதை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

முதல் சோதனை பேரியம். சுண்ணாம்புத் தண்ணீர் போல ஒன்றைக் குடிக்க வைத்து, அது உள்ளே போவதை எக்ஸ்ரே திரையில் பார்ப்பார்கள். குடித்த பிறகு என்னை ஒரு மேசையில் படுக்க வைத்து, தலைப்பக்கம் தாழும்படி சாய்த்தார்கள். வயிற்றுக்குள் போன வெள்ளைத் தண்ணீர் திரும்பி மேலே ஏறியது. திரையைப் பார்த்தவர்கள் தங்களுக்குள் தலையாட்டிக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏறியது எனக்கு உறைக்கவே இல்லை என்பதுதான் விஷயம் என்று பிறகு புரிந்தது.

அடுத்து மயக்க மருந்து கொடுத்துத் தொண்டைக்குள் குழாய் விட்டுச் சதைத் துணுக்கை எடுத்தார்கள். கண் விழித்தபோது மணியம் கால்மாட்டில் நின்றிருந்தார். பேசக் கூடாது என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். கிசுகிசுப்பாகக்கூடப் பேசக் கூடாது. கிசுகிசுப்பதும் குரல் நாண்களுக்கு வேலைதானாம். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். வலிக்கிறதா என்றார். இரண்டு தட்டினேன். பொய்தான். அவருக்கும் தெரியும்.

முடிவுக்காகக் காத்திருந்த நாட்களைப் பற்றி நிறையச் சொல்ல முடியாது. வார்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் டாக்டரா என்று தலையைத் தூக்கிப் பார்ப்பேன். லெட்சுமி அக்கா தினமும் கஞ்சி கொண்டுவந்தார். அவர் பேசுவதே அதட்டல் மாதிரி இருக்கும். அந்த நாட்களில் மட்டும், என் தலையைப் பின்னிவிட்டு, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்.

டாக்டர் லிம் வந்தது ஒரு காலை நேரம். தூரத்திலேயே அவர் கையைத் தூக்கி ஆட்டினார். கட்டிலருகே வந்து சொல்லும்வரை எங்களைத் தவிக்கவிட அவருக்கு மனமில்லை போலிருக்கிறது.

“கேன்சர் இல்ல. ஆசிட்.”

மணியம் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜைனம்பு அக்கா எனக்கும் சேர்த்துச் சத்தமாக அழுதார். நான் சத்தம் வராமல் அழக் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

பிறகு டாக்டர் விளக்கினார். சாப்பாட்டைச் செரிக்க வயிற்றில் ஆசிட் சுரக்கிறது. உணவுக்குழாயின் அடியில் ஒரு வாசல் உண்டு. வயிற்றில் இருப்பது மேலே வராமல் அது மூடிக்கொள்ளும். அந்த வாசல் தளர்ந்தால், படுக்கும்போது ஆசிட் மேலே ஏறும். வயிற்றுக்கு ஆசிட்டைத் தாங்கும் உள்தோல் இருக்கிறது. உணவுக்குழாயும் ஓரளவு தாங்கும். குரல்வளையால் துளிகூடத் தாங்க முடியாது. அதனால், நெஞ்சில் எரிச்சலே தெரியாத கொஞ்ச ஆசிட்டும் தொண்டையைப் புண்ணாக்கிவிடும். பலர் நெஞ்செரிச்சலுக்காகக் காத்திருக்கிறார்கள், அது வராமலே தொண்டை வெந்துவிடுகிறது என்றார்.

ஆசிட் என்றால் எனக்குத் தெரியும். தோட்டத்துப் பால் ஸ்டோரில் ரப்பர்ப் பாலை உறையவைக்க ஊற்றுவார்கள். அப்பாவின் கையில் ஒரு தரம் தெறித்து, தோல் உரிந்து சிவந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். என் தொண்டைக்குள் தினமும் அப்படி ஒரு துளி விழுந்துகொண்டிருந்ததா என்று நினைத்துக் கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டேன்.

அவர் முதல் நாள் கேட்ட கேள்விகளெல்லாம் இப்போது ஒன்றோடொன்று சேர்ந்தன. மாலை ஷிப்டு முடிந்து வந்து, வயிறு நிறையப் புளிக்குழம்பும் மிளகாய்ச் சம்பாலும் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுத்துவிடுவேன். மகள் தேவி பிறந்த பிறகு இடுப்புப் பெருத்துவிட்டது. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டி வயிற்றை நசுக்கிக்கொண்டே நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். கோப்பி அந்த வாசலைத் தளர்த்தும். சிகரெட் புகையும் கெடுதல். புதினா மிட்டாயும் வாசலைத் தளர்த்துமாம். அதைக் கேட்டதும், கட்டிலடியில் இருந்த என் பையை எடுத்து மிட்டாய் முழுவதையும் ஜைனம்பு அக்காவின் மடியில் கொட்டினேன். செருமலும் சும்மா இல்லை. ஒவ்வொரு தடவை செருமும்போதும் அந்தப் புண்ணின்மேல் எதிர்ப்பக்க நாண் போய் இடிக்கிறது. செருமல் வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்து விழுங்கச் சொன்னார்.

அன்று பார்வையாளர் நேரத்தில் காதர் பாய் வந்தார். பெரிய உருவம், பெரிய சிரிப்பு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் ‘ம்ஹ்ம்’ என்று ஒரு செருமல். கடை அடைத்த பிறகுதான் ஆட்டுக்கறியோடு உட்காருவேன் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். காலையில் தொண்டை கட்டிக்கொள்கிறது, சுடுதண்ணீர் குடித்தால் சரியாகிவிடுகிறது என்றும் சொன்னார். எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. மணியத்தின் கையை இழுத்தேன். அவரைக் காட்டினேன், என் தொண்டையைக் காட்டினேன், டாக்டரின் அறைப் பக்கம் காட்டினேன்.

மணியம் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “பாய், உங்க தொண்டைய இங்க ஒருக்கா காட்டிட்டுப் போங்கன்னு என் வீட்டுக்காரி சொல்றா.”

“அவங்க வாயே தொறக்கலியே மச்சான்.”

“சொல்லிட்டா பாய். நான் பஸ் ஓட்டுறவன். ஹாரன் அடிச்சா எனக்குப் புரியும்லா.”

காதர் பாய் சிரித்தார். தனக்கு நெஞ்செரிச்சலே கிடையாது, கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்றார். ஜைனம்பு அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “இந்தப் புள்ளைக்கும் நெஞ்சு எரியலீங்க. என்னைய வெட்டுறதுக்குக் குடுத்துட்டு உக்காந்திருக்கீங்க. நீங்களும் படுத்துட்டா நான் எங்க போவேன்?” காதர் பாயின் சிரிப்பு நின்றது. மறு வாரமே போய் டாக்டரைப் பார்த்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான் வீட்டுக்கு வருவதற்கு முன்பே எல்லாம் தயாராக இருந்தது. கட்டிலின் தலைப்பக்கம் மட்டும் உயர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும், பயனில்லை. மணியம் பஸ் டிப்போவிலிருந்து கட்டைகள் கொண்டுவந்து கட்டில் காலுக்கு அடியில் வைத்திருந்தார். முதல் ஒரு வாரம் இரண்டு பேரும் தூக்கத்தில் கீழே கீழே சறுக்கி, காலையில் கால்மாட்டுப் பலகையில் முட்டிக்கொண்டு எழுந்தோம். மணியம் சிகரெட்டை முதலில் வாசலுக்குக் கொண்டுபோனார். பிறகு வாசலுக்கும் போகவில்லை. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

லெட்சுமி அக்கா சமையலறைச் சட்டத்தையே மாற்றிவிட்டார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே எல்லோருக்கும் சாப்பாடு. எனக்கு மட்டும் தனியாகச் சமைத்தால் மனம் நோகும் என்று வீடு முழுவதும் காரமும் புளியும் குறைந்தது. மணியம் ஒரு தரம் சம்பால் கேட்டார். “ஒன் பொண்டாட்டி பேசணுமா, ஒனக்குச் சம்பால் வேணுமா?” என்றார் அக்கா. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

பல வாரம் வாயைத் திறக்கவில்லை. ஆசிட்டைக் குறைக்கும் மாத்திரையும், சாப்பாட்டுக்குப் பின் வெள்ளை மருந்தும். சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகாமல் படுக்கை கிடையாது. தேவி பள்ளிக்கூடத்தில், ‘எங்கம்மா பேசாம இருக்கிற வேலைக்குப் போறாங்க’ என்று சொல்லியிருக்கிறாள். உடனே சரியாகிவிடும் என்று நினைக்காதே, தொண்டை மெதுவாகத்தான் ஆறும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். பேச அனுமதி கிடைத்த பிறகும் குரல் சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. ஒரு கல்யாண வீட்டில் ஆசையாகச் சாப்பிட்டு வந்து படுத்தேன். மறுநாள் பழைய துருச் சத்தம். அன்றைக்கு மனம் உடைந்து உட்கார்ந்தேன். பிறகு மறுபடி ஆரம்பித்தேன்.

ஒரு நாள் காலையில் எழுந்து, யோசிக்காமல், “ஏங்க, தண்ணி கொதிச்சிருச்சு” என்றேன். முகம் மழித்துக்கொண்டிருந்த மணியம் பாதி நுரையோடு வெளியே வந்தார். இன்னொரு தரம் சொல் என்றார். காலை நேரம். செருமல் இல்லை, துரு இல்லை. இன்னொரு தரம் சொன்னேன். லெட்சுமி அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். தண்ணீர் கொதித்ததை அன்றைக்கு வீட்டில் எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது.

டாக்டர் லிம் குட்டிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ‘ஈ’ என்றேன். இந்த முறையும் இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார், ஆறிய இடத்தைக் காட்டுவதற்கு. மேடு இருந்த இடம் வழவழவென்று இருக்கிறதாம். சீக்கிரம் வந்திருந்தால் துணுக்கு வெட்டி எடுக்காமலே ஆறியிருக்கும் என்றார். குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால், காரணம் என்னவாக இருந்தாலும், யாராவது ஒரு தரம் உள்ளே பார்க்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

வேலைக்குத் திரும்பியபோது புவான் ரோஹானி குரல் சோதனை வைத்தார். அவர் பக்கத்து அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, என்னை ஊர்ப் பெயர்களையும் எண்களையும் வாசிக்கச் சொன்னார். தைப்பிங், கம்பார், சுங்கை சிப்புட் என்று வாசித்துக்கொண்டே போனேன். நிறுத்தச் சொல்லவே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் அவர் கதவருகே நின்றிருந்தார். என் பழைய நாற்காலியை அவரே போர்டின் முன்னால் இழுத்துப் போட்டார்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம், தெலுக் இந்தானிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. எடுத்து, “ஈப்போ” என்றேன்.

“ஏம்மா, அங்க சரோஜான்னு ஒரு புள்ள வேலை செய்யுது. அத கொஞ்சம் கூப்பிடுறியா? தொண்டை சரியில்லாத புள்ள. பேச வராட்டியும் பரவால்ல, கேட்டுக்கட்டும்.”

ஜைனம்பு அக்கா. பக்கத்துக் கட்டிலில் அத்தனை நாள் கிடந்தும் என் நிஜக் குரலை அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

“நான்தான்க்கா பேசுறேன்.”

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போர்டின் விளக்கைப் பார்த்தேன். பிறகு மெதுவாக, “பொய் சொல்லாதம்மா” என்றார்.

கட்டிலையும் ஜன்னலையும், அவர் மடியில் நான் கொட்டிய மிட்டாயையும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் நம்பினார். அவருடைய கழுத்து நன்றாக ஆறிவிட்டதாம். காதர் பாய்க்கும் எனக்கு வந்த அதே கோளாறுதான், ஆனால் வெறும் சிவப்பு மட்டும், புண் இல்லை. மருந்தோடும் சாப்பாட்டு நேரத்தோடும் தீர்ந்துவிட்டது. இப்போது கடையில் யார் செருமினாலும் அவரே போய், எப்போது சாப்பிடுகிறாய், எப்போது படுக்கிறாய் என்று விசாரிக்கிறாராம். வந்தவன் பயந்து ஓடுகிறான் என்று சொல்லி அக்கா சிரித்தார்.

ட்ரங்க் காலுக்கு மூன்று மூன்று நிமிடமாகத்தான் காசு; மூன்று நிமிடம் ஆனதும் அழைத்தவரிடம் அதைச் சொல்வது ஆப்பரேட்டரின் வேலை. சொன்னேன்.

“இன்னொரு மூணு நிமிஷம் போடு புள்ள” என்றார் ஜைனம்பு அக்கா. “நான் பேச மாட்டேன். நீ பேசு. நான் கேக்குறேன்.”